ஒரு முறை மட்டும்

"இந்த ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் கேட்பீர்கள்"
என்கிறது அந்தப் பெண்குரல்.
இதோடு நூற்றுப் பதினேழாவது முறை சொல்கிறது.

கெம்னிட்ஸில் நவம்பர். நான்கு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
கட்டிடத்தின் அடித்தளத்தில், சலவை அறையில்,
மூன்றாம் இயந்திரத்துக்கு எதிரே
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருக்கிறேன்.
தேர்வுக்கூடத்தில் இருமுவார்கள், நாற்காலி கிரீச்சிடும்,
ஜன்னலுக்கு வெளியே டிராம் திரும்பும்,
சத்தத்தோடு பழகிக்கொள் என்றான் யாரெக்,
போன தடவை நான்கு மதிப்பெண்ணில் கோட்டை விட்டவன்.

தலைப்பு: தேனீக்கள்.
தலைப்பு: தூக்கமின்மை.
தலைப்பு: நகரத்துக்குள் கார் தேவையா.
எல்லாவற்றுக்கும் ஒரே பேராசிரியர்தான் வருகிறார், மூக்கால் பேசுவார்.
"முற்றிலும் மறுக்கிறேன் என்று சொல்லிவிட மாட்டேன்" என்பார்.
மறுக்கிறாரா இல்லையா? அ, ஆ, இ.
பென்சில் ஆவன்னாவைத் தொடுவதற்குள்
மனிதர் தேனீயை விட்டுவிட்டு மானியத்துக்குப் போயிருப்பார்.

கொர்ச்சாவில் எட்டு வருஷம்
மருந்துக்கடைப் பலகையில் இருந்தது என் பெயர், என்டேலா.
எந்த டாக்டரின் கிறுக்கலையும்
கண்ணாடி போடாமல் படிப்பேன்.
இங்கே சான்றிதழ் வரும்வரை ஷாம்பூ அடுக்குகிறேன்.
"மூன்றாவது வரிசை, இடப்பக்கம்."
இதைச் சொல்லும்போது மட்டும்
என்னை யாரும் எந்த ஊர் என்று விசாரிப்பதில்லை.

வாசிப்புத் தேறிவிட்டது. எழுத்தும் பேச்சும்கூட.
காது ஒன்றுதான் பாக்கி.

கேட்பதற்கு இவர்களிடம் ஒரு வினைச்சொல் உண்டு.
அதன் முன் ஓர் ஒட்டு வைத்தால்
நிறுத்துவது என்று ஆகிவிடும்,
வேறொன்று வைத்தால் சொந்தமாவது.
நிறுத்தாமல், யாருக்கும் சொந்தமாகாமல்
வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறேன் நான்.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊலிக் குடும்பத்தின் சாமான் அறை.
அன்றைக்கு வெங்கெயின் குரல், சின்னதாக.
ரோனி பதிலே பேசவில்லை.
காதிலிருந்து பேராசிரியரைக் கழற்றினேன்.
தப்புதான். ஆனாலும் கழற்றினேன்.

பதினோரு வருஷம் என்றாள்.
குளிர்காலச் சக்கரங்கள், உன் அம்மா, அந்த விடுமுறை என்றாள்.
ஒரு சொல் தவறவில்லை எனக்கு!
அகராதி இல்லை, அ ஆ இ இல்லை,
வாளிமேல் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தேன்,
பரிசு வாங்கப் போகிறவள்போல, வெட்கமில்லாமல்.

பிறகு சொன்னாள்: "ஒன்றாம் தேதி நான் ட்ஸீஹெ..."

இழுக்கிறேன் என்று அர்த்தம்; அது மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது.
கடைசியில் அவ்ஸ் என்று முடிந்தால் வீட்டைவிட்டுப் போகிறாள்,
ஐன் என்றால் குடிவருகிறாள்,
உம் என்றால் இருவருமாகக்கூட வேறு வீடு பார்த்திருக்கலாம்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த ஓரசைக்காகக் காத்திருக்கையில்
மூன்றாம் இயந்திரம் பிழியத் தொடங்கியது,
ஆயிரத்து நானூறு சுற்று.

நின்றபோது அறைக்குள் யாரும் இல்லை.
என் துண்டுகள் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தன.

சனிக்கிழமை, இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஓர் அட்டைப்பெட்டி.
பக்கத்தில் வெங்கெ, கையுறையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு.
தூக்க ஓர் ஆள் வேண்டும் என்று
அவள் முகமே சொன்னது, மறுமுனையைப் பிடித்தேன்.
பெட்டியைப் பார்த்து எதுவும் தெரியவில்லை,
ஏறுகிற பெட்டியும் இறங்குகிற பெட்டியும்
படியில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

தேர்வில் காதால் கேட்கலாம், வாயால் கேட்கக் கூடாது.
இது தேர்வில்லை.
"மேலேயா, கீழேயா?" என்றேன்.

"நுந்தர்" என்றாள்.

எந்தப் பேராசிரியரும் சொல்லித்தராத சொல்,
இந்த ஊர் வாய்க்குள் மட்டும் புழங்குவது.
விழித்தேன். மன்னிக்கவும், இன்னொரு முறை?

கையுறையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
மறுபடி சொன்னாள், மெதுவாக,
எனக்காக, பள்ளிக்கூட ஜெர்மனில்.
சொல்லும்போதே அவள் கால் கீழ்ப்படிக்குப் போய்விட்டது.

பெட்டிக்குள் ஏதோ ஒரு வாணலி
படிக்கு ஒரு தரம் தட்டியது.
அதையும் கேட்டேன்.